காது பத்திரம்!

இ, ஏ, ஆர். இந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் இதே வரிசையில் அடுத்தடுத்து வருகிற ஐந்தெழுத்து வார்த்தை ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். 'ஹார்ட்' என்பீர்கள். 'பேர்ல்', 'லேர்ன்', 'இயர்லி'... கொஞ்சம் தலையைச் சொறிந்தால் இன்னும் நாலைந்து தேறும். தேறாவிட்டாலும் மோசமில்லை. ஸ்கிராபிள் ஆட்டத்தில் சில பாயின்ட் போகும், அவ்வளவுதான்.

அந்த மூன்று எழுத்தை மட்டும் சேர்த்தால் 'இயர்'. அதாவது, காது. திருவண்ணாமலைக்காரர் ஒருவர் எழுத்து விளையாட்டு ஆடியபோது பணயமாக இருந்தது அதுதான்!

15ஆம் நூற்றாண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூராருக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்ததாகக் கர்ண பரம்பரைக் கதை. புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றவர் காதை அறுத்துவிடுவார். (வில்லி இல்லாமல் போனதால்தான் கண்டவனெல்லாம் புலவன் என்று திரிகிறான் என்று பிற்காலத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டு பாடியே வைத்திருக்கிறார்!) அவர் முன்னால் போய் நின்றார் அருணகிரிநாதர். அருணகிரி பாடப் பாட, வில்லி உடனுக்குடன் அர்த்தம் சொல்ல வேண்டும். திணறினால் வில்லியின் காது அம்பேல்.

அருணகிரி ஆரம்பித்தது கந்தரந்தாதி. 53 பாட்டு வரை வில்லி தாக்குப்பிடித்தார். 54ஆவது பாட்டு வந்தது. முழுக்க முழுக்க 'த' வரிசை. த, தா, தி, தீ, து, தெ, தை... மருந்துக்குக்கூட வேறு எழுத்து கிடையாது. வாய்விட்டுப் படித்தால் மிருதங்க ஜதி மாதிரி இருக்கும். ஆனால், ஜதி இல்லை. தாதை என்றால் அப்பா, தத்தை என்றால் கிளி, தாது, தீது, துதி, தீ என்று 'த'வை மட்டும் வைத்துக் கட்டிய வார்த்தைகள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. சிவனும் பிரமனும் திருமாலும் துதிக்கும் முருகா, இந்த உடம்பைத் தீ தொடுகிற நாளில் என் நினைப்பு உன்மேல் இருக்க வேண்டும். பாட்டின் சாரம் இவ்வளவுதான்.

வில்லி விழித்தார். அருணகிரி காதை அறுக்கவில்லை. 'இனி யார் காதையும் தொடாதீர்' என்று சொல்லி, பாட்டுக்குப் பொருளும் சொல்லிவிட்டுப் போனாராம். காது விஷயத்துக்குக் கல்வெட்டுச் சாட்சி எல்லாம் கேட்காதீர்கள். பாட்டு இருக்கிறது, அது போதும்.

ஆங்கிலத்தில் 'டி' என்கிற ஒரே மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். 'ஐ ஏட் இட் அட் டீ' என்று ஒரு வாக்கியம் வரும். அதற்கு மேல் நீட்டினால் மூச்சு வாங்கும். 1939இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 'இ' என்ற எழுத்தே வராமல் 50,000 வார்த்தையில் ஒரு நாவல் எழுதினார். கை தவறி அடித்துவிடக் கூடாதே என்று டைப்ரைட்டரில் அந்தச் சாவியைக் கட்டிவைத்துவிட்டார். நம்மாட்களுக்கு டைப்ரைட்டர் ஏது? உதட்டைத்தான் கட்டிக்கொண்டார்கள்.

ரமணாசிரமத்து வாசலில் போகிற செங்கம் சாலைதான் கிரிவலப் பாதை. 17ஆம் நூற்றாண்டில் இந்த மலையைச் சுற்றி நடந்தபடியே 'சோணசைல மாலை' பாடியவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர். இவர் இலக்கணம் படிக்க திருநெல்வேலிப் பக்கம் போனார். குரு தட்சிணையாகப் பணத்தை நீட்டியபோது, குருநாதர் வேறொன்று கேட்டார். திருச்செந்தூரில் ஒரு புலவர் என்னை ஏசிக்கொண்டே இருக்கிறார், அவரை ஜெயித்துக் கூட்டிக்கொண்டு வா!

போட்டி, நிரோட்டக யமக அந்தாதி. நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ போச்சு. உ, ஊ, ஒ, ஓ, ஔ போச்சு. பாட வேண்டியதோ திருச்செந்தூர் முருகனை. 'முருகா' என்று கூப்பிட முடியாது. வேலா? முடியாது. குமரா, ஆறுமுகா, சரவணா, மயில்... ம்ஹூம். மிஞ்சியது கந்தன், செந்தில் மாதிரி சிலதுதான். போதாததற்கு யமகம் வேறு. அடிதோறும் அதே எழுத்துகள் திரும்ப வர வேண்டும், அர்த்தம் மட்டும் மாற வேண்டும். தோற்றவர் ஜெயித்தவருக்கு அடிமை. சிவப்பிரகாசர் 30 பாட்டையும் முடித்தபோது எதிராளி ஒன்றைக்கூட முடிக்கவில்லையாம். ஆளைக் கொண்டுபோய் குருவின் காலடியில் நிறுத்தினார்.

இவ்வளவு வார்த்தையை எங்கே தேடினார்கள்? மண்டைக்குள்தான். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி, இரண்டாம் எழுத்தை வைத்து வார்த்தைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துவைத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை உருப்போட்டார்கள். 1732இல் இத்தாலிக்காரரான வீரமாமுனிவர், தம் சதுரகராதியில் எதுகைக்கென்றே 'தொடையகராதி' என்று ஒரு பகுதியை ஒதுக்கினார். இன்று கம்ப்யூட்டரில் மூன்று எழுத்தைத் தட்டினால் பட்டியல் வந்து விழுகிறதே, அதற்கு இவை தாத்தாக்கள்.

அதே கிரிவலப் பாதையில் மூன்றாவதாக ஒருவர். இங்கே காதும் இல்லை, அடிமையும் இல்லை. பணயம், சோறு.

ரமணர் விருபாட்ச குகையில் இருந்த காலம் (1899-1916). கூட இருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். போலிகளும் அவர்கள் பேரைச் சொல்லிக் கை நீட்ட ஆரம்பித்தார்கள். 'நாங்கள் பாட எங்களுக்கென்று ஒரு பாட்டு கொடுங்கள்' என்று ரமணரைக் கேட்டார்கள். வந்ததுதான் 'அருணாசல அட்சரமணமாலை'. பெரும்பகுதி கிரிவலத்தில் நடந்தபடியே பிறந்தது என்பார்கள். 108 கண்ணிகள், முதலெழுத்துகள் அகர வரிசையில். அ, ஆ, இ, ஈ என்று போகும்போது சௌகரியம்தான். 'ஞ' வந்தால்? தமிழில் 'ஞ'வில் தொடங்கும் வார்த்தையே கொஞ்சம். ஞானம் உண்டு, ஞாயிறு உண்டு. வெறும் 'ஞ'வுக்கு? ரமணர் சங்க காலத்துக்குப் போய் 'ஞமலி'யைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஞமலி என்றால் நாய். நாயைவிடவா நான் மட்டம், தேடி உன்னைப் பிடிக்கிறேனா இல்லையா பார் என்று அந்தக் கண்ணி மலையிடம் மல்லுக்கு நிற்கிறது.

அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு சாதுக்கள் தெருவில் இறங்கியதும், வந்திருப்பது விருபாட்ச குகை ஆட்கள்தான் என்று வீடுகளில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கும்பிடு போட்டுக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்பார்களாம்.