பதிவேட்டில் பேர் இல்லாதவர்கள்: தென்னாப்பிரிக்காவின் நிலக்கரிச் சண்டை

ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குள் நிலக்கரியை வைத்து நடந்துவரும் சண்டையைப் பத்திரிகைகள் இரண்டு பெரிய மனிதர்களின் சண்டையாகவே எழுதுகின்றன. ஒரு பக்கம் ஜனாதிபதி சிரில் ராமபோசா. இன்னொரு பக்கம் சுரங்க அமைச்சரும் கட்சியின் சேர்மனுமான க்வேடே மன்டாஷே. இரண்டு பேருமே ஒரே சங்கத்தில் வளர்ந்தவர்கள். 1982இல் தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் முதல் பொதுச்செயலாளர் ராமபோசா. விட்பாங்க் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் அதே சங்கத்தைக் கட்டியவர் மன்டாஷே. 1998 முதல் 2006 வரை அவர் பொதுச்செயலாளர்.

அந்தச் சங்கம் சும்மா வந்ததல்ல. 1911ஆம் வருஷச் சட்டம் சுரங்கத்தில் திறன்வேலையை வெள்ளையருக்கு ஒதுக்கி வைத்தது. கறுப்பர்களுக்குப் பூமிக்கடியில் கூலிவேலை. அவங்க தோண்டின கரியில் வெள்ளைக்காரன் வீட்டில் விளக்கு எரிந்தது. தோண்டினவங்க குடியிருப்பில் மண்ணெண்ணெய். 1987இல் சங்கம் நடத்திய மூன்று வார வேலைநிறுத்தத்தில் பல ஆயிரம் பேர் வேலையை இழந்தார்கள். 1994க்குப் பிறகு ஏழை வீடுகளுக்கு மின்சாரம் போனது. அதுவும் கரியில் பிறந்த மின்சாரம்தான். அந்தச் சனங்களுக்குக் கரி என்றால் சம்பளம், சங்கம், வெளிச்சம். கூடவே நெஞ்சுச்சளியும். உம்புமலாங்காவின் நச்சுக் காற்று மக்களின் அரசியல் சட்ட உரிமையை மீறுகிறது என்று 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து 850 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். பெரும்பகுதி கடன். கரியிலிருந்து வெளியேற இதுதான் வழி என்றது ராமபோசா தரப்பு. மன்டாஷே ஒத்துக்கொள்ளவில்லை. கரி எரித்துப் பணக்காரர் ஆனவர்கள் நம்மை அவசரப்படுத்துகிறார்கள், 90,000 சுரங்கத் தொழிலாளர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். 2022 டிசம்பரில், மின்வெட்டைக் காட்டி, அரசாங்கத்தைக் கவிழ்க்க எஸ்காம் மின்வாரியம் வேலை செய்கிறது என்றுகூடப் பேசினார். சில நாளில் எஸ்காம் தலைமை அதிகாரி ராஜினாமா கொடுத்தார்.

மூன்றாவது குரல் ஒன்றும் இருந்தது. உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சா, தனியார் சூரிய, காற்றாலை மின்சார ஒப்பந்தங்களைத் தடுக்க 2018இல் நீதிமன்றம் போனது. காற்றும் வெயிலும் வரட்டும், ஆனால் அவை பொதுச்சொத்தாக வரட்டும் என்பது அதன் நிலை. 2014இலேயே கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட சங்கம் அது. அதன் பேச்சை யார் கேட்பது?

இந்த வாதங்களை எல்லாம் உரசிப்பார்க்கும் கல் கொமாட்டி. 1961இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையம். 2022 அக்டோபர் 31ஆம் தேதி அதன் கடைசி யூனிட்டை நிறுத்தினார்கள். எஸ்காமின் நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக் கூலிகளுக்கு வேலை போனது. அவங்களை நம்பி இருந்த சாப்பாட்டுக்கடை, வாடகை அறை எல்லாம் காற்று வாங்கின. மூடிய பிறகுதான் பயிற்சி, மாற்று வேலை என்ற ஏற்பாடுகள் மெல்ல நகர்ந்தன.

ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று நம் சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே சூளை, ஒரே சாம்பல், ஒரே இருமல். ஆனால் பதிவேட்டில் பேர் இருக்காது. பதிவேட்டில் இல்லாதவருக்கு நஷ்டஈடும் இல்லை. 'நியாயமான மாற்றம்' என்ற சொல் அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் பிறந்தது. அரசாங்கங்களின் கைக்குப் போனதும் அது பதிவேட்டில் இருப்பவர்களோடு நின்றுவிட்டது. கரியைக் காப்பாற்றுகிறேன் என்ற மன்டாஷேயின் பேச்சிலும் இந்தக் கூலிகளுக்குத் தனி இடம் கிடையாது. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாளிலும் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள்தானே?

2024 தேர்தலில் கட்சி பெரும்பான்மை இழந்தது. மின்சாரத் துறை மன்டாஷே கையிலிருந்து பிரிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது. உம்புமலாங்காவில் இன்னும் பல நிலையங்கள் மூடப்படும் வரிசையில் நிற்கின்றன. அடுத்த நிலையத்தை நிறுத்துகிறவர்கள் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் கேட்டில் நின்று ஆள் எண்ணட்டும். அடையாள அட்டை இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அது நியாயமா என்று பேசலாம்.