ஜான் சிங்கிள்டன் கோப்ளி

ஜான் சிங்கிள்டன் கோப்ளி (3 ஜூலை 1738 – 9 செப்டம்பர் 1815) பிரித்தானிய ஆட்சியில் இருந்த அமெரிக்கக் காலனிகளில் புகழ்பெற்று விளங்கிய உருவப்பட ஓவியர். பால் ரிவியர், சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக் போன்ற விடுதலைப் போராட்டத் தலைவர்களின் முகங்கள் இவருடைய ஓவியங்கள் வழியாகவே இன்று பரவலாக அறியப்படுகின்றன. ஆனால் அமெரிக்கா விடுதலை பெற்றபோது அவர் அங்கே இல்லை. 1774-ஆம் ஆண்டு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டவர் பிறகு ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை.

பிறப்பும் பயிற்சியும்

கோப்ளியின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை இளம் வயதிலேயே இறந்துவிட, தாய் மேரி பாஸ்டன் துறைமுகத்தின் நீண்ட படகுத்துறையில் புகையிலைக் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். 1748-இல் அவர் பீட்டர் பெல்ஹம் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பெல்ஹம் செப்புத் தகட்டில் உருவங்களைச் செதுக்கி அச்சிடும் கலைஞர். பள்ளி ஒன்றையும் நடத்திவந்தார். சிறுவன் கோப்ளிக்குத் தூரிகையும் செதுக்குக் கருவிகளும் அறிமுகமானது அந்த வீட்டில்தான். அந்த வாய்ப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1751-இல் பெல்ஹமும் காலமானார். பதின்மூன்று வயதிலேயே தாயையும், கைக்குழந்தையாக இருந்த தம்பி ஹென்றி பெல்ஹமையும் தாங்கும் பொறுப்பு கோப்ளியின் மேல் விழத் தொடங்கியது.

அக்காலப் பாஸ்டனில் ஓவியப் பள்ளி இல்லை. ஐரோப்பியப் பேராசான்களின் மூல ஓவியங்களைக் காணவும் வழியில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களே பாடநூலாக அமைந்தன. அவற்றிலிருந்த நிற்கும் முறையையும் ஆடை மடிப்புகளையும் கோப்ளி பார்த்து வரைந்து பழகினார். மனித உடலின் எலும்பு, தசை அமைப்புகளைப் புத்தகங்களிலிருந்து படியெடுத்துத் தாமே ஒரு குறிப்பேடு தயாரித்துக்கொண்டார். 1755-இல் பாஸ்டனுக்கு வந்த ஜோசப் பிளாக்பர்ன் என்ற ஆங்கில ஓவியரிடமிருந்து பட்டின் பளபளப்பையும் சரிகையின் நுணுக்கத்தையும் தீட்டும் முறையைக் கற்றார். சில ஆண்டுகளிலேயே அவரையும் விஞ்சினார்.

பாஸ்டனின் ஓவியர்

கோப்ளியின் பலம் உள்ளதை உள்ளபடி காட்டுவது. மெருகேற்றிய மேசையில் விழும் கையின் நிழலுருவம், முதிய பெண்மணியின் கழுத்துச் சுருக்கம், வெல்வெட்டுக்கும் சாட்டினுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை அவர் கண்முன் நிறுத்தினார். அதற்காக ஆட்களைப் பல நாட்கள், பல மணி நேரம் அமரவைத்தார். வணிகர்களும் மதபோதகர்களும் அரசு அலுவலர்களும் அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டு வரிசையில் நின்றனர்.

இவற்றுள் புகழ்பெற்றது 1768-இல் தீட்டிய பால் ரிவியர் படம். ரிவியர் வெள்ளித் தட்டார். செல்வர்களின் படங்களில் வழக்கமாகக் காணப்படும் மேலங்கி அவருக்கு இல்லை. வெள்ளைச் சட்டையோடு, செதுக்கும் கருவிகள் கிடக்கும் மேசையின் முன் அமர்ந்து, கையில் வெள்ளித் தேநீர்க் குடுவையை ஏந்தியிருக்கிறார். கைத்தொழில் செய்யும் ஒருவரை அவருடைய தொழிற்கோலத்திலேயே மதிப்போடு காட்டுவது அன்று அரிது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரித்தானிய நாடாளுமன்றம் காலனிகளுக்கு வரும் தேயிலைக்கு வரி விதித்திருந்தது என்பதால், அந்தக் குடுவைக்கு அரசியல் பொருளும் கூடியது.

கோப்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கினி வரை ஈட்டினார். பாஸ்டனில் அது பெருந்தொகை. 1769-இல் செல்வந்த வணிகரான ரிச்சர்ட் கிளார்க்கின் மகள் சுசன்னாவை மணந்தார். பீக்கன் குன்றில் நிலமும் வீடும் வாங்கினார். எனினும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. தம் ஊரார் ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்புத் தொழில் போன்ற ஒரு பிழைப்பாகவே கருதுகிறார்கள், உயர்ந்த கலையாகக் கருதவில்லை என்று கடிதமொன்றில் வருந்தியிருக்கிறார்.

லண்டனிலிருந்து வந்த அழைப்பு

தம் திறனை உலகத் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பிய கோப்ளி, தம்பி ஹென்றி பறக்கும் அணில் ஒன்றைச் சங்கிலியில் பிடித்தபடி மேசையருகே இருக்கும் படத்தை 1765-இல் தீட்டி லண்டனுக்கு அனுப்பினார். 1766-இல் அது ஓவியர் சங்கக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆங்கில ஓவிய உலகின் தலைமகனான ஜோஷுவா ரெனால்ட்ஸ் அதை வியந்து பாராட்டினார். கோடுகளிலும் நிழல்களிலும் ஒரு கடினம் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். காலம் கடந்து கை பழகிப்போகும் முன் ஐரோப்பாவுக்கு வந்து கற்றால் உலகின் முதன்மை ஓவியர்களுள் ஒருவராகலாம் என்பது அவர் கருத்து. லண்டனில் நிலைபெற்றிருந்த அமெரிக்க ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட்டும் அவ்வாறே எழுதினார்.

கோப்ளி தயங்கினார். ஊரில் நிலையான வருமானம் இருந்தது. தாயும் தம்பியும் அவரை நம்பியிருந்தனர். எட்டு ஆண்டுகள் இந்தத் தயக்கத்திலேயே கழிந்தன. இறுதியில் முடிவெடுக்க வைத்தது அரசியல்.

தேயிலையும் பிளவும்

கோப்ளி எந்தக் கட்சியையும் சாராமல் இருக்க முயன்றார். கிளர்ச்சியாளர் சாமுவேல் ஆடம்ஸையும் பிரித்தானியப் படைத்தலைவர் தாமஸ் கேஜையும் ஒரே ஈடுபாட்டுடன் வரைந்தார். ஆனால் நடுநிலைக்கு இடமில்லாத காலம் வந்தது. 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவுக்கு நேரடியாகத் தேயிலை அனுப்பச் சட்டம் வழிவகுத்தது. பாஸ்டனில் அதைப் பெற்று விற்க நியமிக்கப்பட்டவர்களுள் கோப்ளியின் மாமனார் குடும்பமும் ஒன்று. மக்கள் சினத்துக்கு அஞ்சி அவர்கள் துறைமுகத் தீவிலிருந்த கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர்.

நவம்பர் இறுதியில் கூடிய ஊர்க்கூட்டத்தில் கோப்ளி தூதராக நின்றார். அவகாசம் கேட்டுப் பெற்று, படகில் தீவுக்குச் சென்று உறவினரிடம் பேசித் திரும்பினார். அவர்களைக் கடுமையாக நடத்த வேண்டாம் என்று வேண்டினார். கூட்டம் நிறைவடையவில்லை. டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பாஸ்டன் தேநீர் விருந்து என்று வரலாறு குறிப்பிடும் நிகழ்ச்சி இதுவே.

1774 ஏப்ரலில் ஓர் இரவு, அரச ஆதரவாளர் ஒருவரைத் தேடி ஒரு கூட்டம் கோப்ளியின் வீட்டுக் கதவைத் தட்டியது. அவர் முன்பே சென்றுவிட்டார் என்று சொல்லியும், பொய்யானால் விளைவைச் சந்திக்க நேரும் என்று மிரட்டிவிட்டே கலைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் கோப்ளி கப்பலேறினார். லண்டன் வழியாக இத்தாலி சென்று ரோம், நேப்பிள்ஸ், பார்மா ஆகிய நகரங்களில், அதுவரை அச்சுப் படங்களில் மட்டுமே கண்ட ஓவியங்களை நேரில் கண்டு பயின்றார். அவர் அங்கிருந்தபோதே அமெரிக்காவில் போர் மூண்டது. சுசன்னா மூன்று குழந்தைகளோடு லண்டன் வந்து சேர்ந்தார். பயணம் தாங்காது என்று பாட்டியிடம் விட்டுவந்த கைக்குழந்தை பாஸ்டனிலேயே இறந்தது. அந்தக் குழந்தையைத் தந்தை கண்டதே இல்லை. தாய் மேரியையும் கோப்ளி மீண்டும் பார்க்கவில்லை.

லண்டன் வாழ்க்கை

லண்டனில் கோப்ளி வரலாற்று ஓவியத்துக்குத் திரும்பினார். 1778-இல் காட்சிக்கு வைத்த 'வாட்சனும் சுறாவும்' அவரைப் பெரும் புகழுக்கு உயர்த்தியது. ஹவானா துறைமுகத்தில் 1749-இல் சுறாவால் காலை இழந்த புரூக் வாட்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் காப்பாற்றப்படும் காட்சி அது. படகில் உள்ளவர்களில் கயிற்றைப் பிடித்தபடி உயர்ந்து நிற்பவர் ஒரு கறுப்பின மனிதர். பழைய புராணமோ அரசர் கதையோ அல்லாத, சாதாரண ஒருவரின் வாழ்வில் நடந்த விபத்தை இவ்வளவு பெரிய அளவில் தீட்டியது புதுமை. 1779-இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினரானார்.

அடுத்து வந்த 'சாத்தம் பிரபுவின் மரணம்' ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உண்மை முகங்களைக் கொண்டது. 1781-இல் அதைத் தனி அரங்கில் கட்டணம் வாங்கிக் காட்டினார். ஏறத்தாழ 20,000 பேர் பார்த்தனர். அதே வேளையில் தன் கண்காட்சியை நடத்திய அகாதெமியைச் சேர்ந்த சக ஓவியர்களின் மனக்கசப்பையும் இது தேடித்தந்தது.

1782 டிசம்பர் 5 அன்று, அமெரிக்கக் காலனிகளின் விடுதலையை ஏற்பதாக மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அப்போது கோப்ளி எல்கானா வாட்சன் என்ற அமெரிக்கரின் படத்தை ஏறத்தாழ முடித்திருந்தார். மன்னரின் உரையைக் கேட்டுத் திரும்பிய அன்றே, படத்தின் பின்னணியிலிருந்த கப்பலில் புதிய நாட்டின் கொடியை வரைந்தார் என்று வாட்சன் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். மூன்றே ஆண்டுகளில் அதே மன்னரின் மூன்று இளைய மகள்களையும் கோப்ளி வரைந்தார்.

இறுதிக்காலம்

ஜிப்ரால்டர் முற்றுகையைக் காட்டும் மாபெரும் ஓவியம் 1791-இல் முடிந்தபோது கோப்ளியின் உச்சக்காலம் கடந்திருந்தது. ரசனை மாறியது, வாடிக்கையாளர் குறைந்தனர், கடன் பெருகியது. பாஸ்டன் பீக்கன் குன்று நிலத்தை 1790-களில் விற்றார். அதன் அருகே புதிய மாநில ஆட்சிமன்றக் கட்டடம் எழவிருப்பதையும், அதனால் விலை பன்மடங்கு ஏறும் என்பதையும் அறிந்தபோது விற்பனையை மாற்ற முயன்றார். அதற்காக மகனை அமெரிக்காவுக்கு அனுப்பியும் பயனில்லை. 1815-இல் லண்டனில் கடனோடு இறந்தார். கிராய்டனில் அடக்கம் செய்யப்பட்டார். வழக்கறிஞராக உயர்ந்த மகன் பின்னாளில் லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு என்ற பட்டம் பெற்று மும்முறை இங்கிலாந்தின் லார்டு சான்சலர் பதவி வகித்தார்.

மதிப்பீடு

கோப்ளியின் அமெரிக்க ஓவியங்கள் சிறந்தவையா, லண்டன் ஓவியங்கள் சிறந்தவையா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. லண்டன் அவருக்குப் பெரும் திரைகளையும் பல உருவங்களை இணைக்கும் ஆற்றலையும் தந்தது. ஆனால் ரெனால்ட்ஸ் குறையாகச் சொன்ன அந்தக் கடினமே, ஒளியும் நிழலும் கூர்மையாகப் பிரியும் அந்தப் பார்வையே, பாஸ்டன் படங்களுக்கு உயிர்ப்பைத் தருகிறது என்று பிற்காலத்தவர் பலர் கருதினர். ரிவியர், ஆடம்ஸ், ஹான்காக் ஆகியோரின் படங்கள் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. தேயிலைக் கலவரத்தால் அவர் விட்டுச்சென்ற அந்த நகரின் நடுவே ஒரு சதுக்கம் கோப்ளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.