நாவுக்கும் செவிக்கும் நடுவே

நோய் உடலில் இருக்கிறது; நோயின் வரலாறோ நோயாளியின் நாவில் இருக்கிறது. அந்த நா எளிதில் அவிழ்வதில்லை. எங்கே அமர்ந்து பேசுகிறோம், எதிரே என்ன இருக்கிறது, அருகில் யார் நிற்கிறார் என்பவையெல்லாம் சேர்ந்தே ஒருவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதை முடிவு செய்கின்றன. மருத்துவ வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருந்த பொருள்களின் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம்.

பேரறிஞர் அபூபக்ர் ராஸியின் மஜ்லிஸிலிருந்து தொடங்குவோம். ரை, பக்தாத் ஆகிய நகரங்களில் மருத்துவமனைத் தலைவராக விளங்கியவர் அவர். அவருடைய அவை எப்படி அமைந்திருந்தது என்பதை ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) இப்னு நதீம் இயற்றிய ‘ஃபிஹ்ரிஸ்த்’ கூறுகிறது. ராஸி அமர்ந்திருப்பார், அவருக்கு அடுத்து மாணவர், அவர்களுக்கு அடுத்து அம்மாணவரின் மாணவர், அதற்கும் அப்பால் மற்றையோர். வரும் நோயாளி, முதலில் எதிர்ப்படுவோரிடம் தம் குறையைச் சொல்வார். அவர்களுக்கு விடை தெரியாவிடில் அடுத்த வரிசைக்குச் செல்வார். எவருக்கும் தெரியாதபோது ராஸியே பேசுவார். இவ்வமைப்பில் கடினமான நோய் மட்டுமே ஆசானை எட்டியது. எட்டும்போது அது பலமுறை சொல்லப்பட்டுத் தெளிந்திருக்கும். ஆனால் பலர் செவிபடச் சொல்லத் தகாத நோயுடையவர் அந்த வரிசைகளைக் கடப்பது எளிதாக இருந்திராது.

அக்காலத்து ஹகீம்களின் கையில் இருந்த மற்றொரு பொருள் ‘காரூரா’ என்னும் கண்ணாடிக் குப்பி. நோயாளியின் சிறுநீரை அதில் ஏந்தி, வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் தெளிவும் வண்டலும் பார்ப்பர். நோயாளி வர இயலாதபோது குப்பி மட்டும் வரும். அப்போது ஹகீம் பேசுவது குப்பியைக் கொண்டுவந்தவரிடமே! நம் சித்த வைத்தியரும் நீரில் எண்ணெய்த் துளி இட்டு நெய்க்குறி பார்த்தனர். எனினும் அவர்கள் வகுத்த எட்டுவகைத் தேர்வில் நாடியோடும் நீரோடும் ‘மொழி’யையும் ஒன்றாக வைத்தது கருதத்தக்கது. நோயாளியின் குரலைக் கேளாமல் அந்தத் தேர்வு நிறைவுறாது.

பொருள் பார்வையையே மறைத்ததும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் முகலாய அவையில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், நோயுற்ற அரண்மனைப் பெண்மணி ஒருவரைக் காண அழைக்கப்பட்டார். தலை முதல் பாதம் வரை காஷ்மீர்ச் சால்வையால் அவரை மூடி, காவலர் ஒருவர் கைபிடித்து உள்ளே அழைத்துச் சென்றதாக அவரே எழுதியுள்ளார். கண்ணிருந்தும் காணாதவராய்ச் சென்ற மருத்துவர் அவர்!

இதே நாணம் வேறோர் இடத்தில் ஒரு கருவியையே பிறப்பித்தது. 1816இல் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில், இதயநோய் கொண்ட ஓர் இளம்பெண்ணின் மார்பில் செவியை நேரே வைக்க லெனெக் என்னும் மருத்துவர் தயங்கினார். தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். செவியை வைத்துக் கேட்பதினும் தெளிவாகக் கேட்டது. பின்பு அது மரக்குழலாயிற்று. ஸ்டெதாஸ்கோப் எனப் பெயர் பெற்றது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே ஒரு முழத் தொலைவு உண்டாயிற்று. அந்தத் தொலைவு கண்ணியத்தைக் காத்தது. ஆனால் குழல் மார்பில் இருக்கும் வரை நோயாளி பேசலாகாது. நெஞ்சு பேச, நா அடங்கியது. அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1823இல், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினர். இன்றைய ஜிப்மர் அதன் வழி வந்ததே.

புதுச்சேரிக்கு அணித்தான திண்டிவனத்தில் 1890களின் தொடக்கத்தில் நடந்தது நெஞ்சை உருக்குவது. ஒரே இரவில் பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறோர் இந்து என மூவர், பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி வேண்டி ஐடா ஸ்கட்டர் என்ற இளம்பெண்ணை நாடினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். அவருடைய தந்தையார் மருத்துவர், வரவும் அணியமாயிருந்தார். ஆடவர் என்பதால் அவரை அழைத்துச் செல்ல அம்மூவரும் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மருத்துவர் இருந்தார், நோயாளியும் இருந்தார், நடுவில் இருந்த வாயிற்படியை வார்த்தை கடக்கவில்லை. அந்த இரவே ஐடாவை மருத்துவம் கற்க அனுப்பியது. 1900இல் திரும்பிவந்த அவரால் வேலூர் மருத்துவமனை உருவாயிற்று.

இங்கே குற்றம் திரையினுடையதா? அன்று. திரைக்கு உட்புறம் மருத்துவர் இல்லாமையே குற்றம். சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையார் இதனை முன்பே உணர்ந்திருந்தார். 1885இல் அவர் நிறுவிய மருத்துவமனை, கோஷாப் பெண்கள் தம் மறைவை இழக்காமலே வந்து பெண் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேச வழி செய்தது. திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கிய பின்னும் மக்கள் நாவில் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’யே. திரையை அறுக்காமல் மருத்துவரைத் திரைக்குள் கொண்டுவந்த அறிவு அது.

இன்று புதுச்சேரியின் வடகோடியில் உள்ள நம் கனகசெட்டிக்குளம் வட்டாரத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தொலைவு என்னும் தடை நீங்கிவிட்டது. ஆயினும் பொதுவாக நம் மருத்துவமனைகளில் மேசை நடுவே நிற்கிறது. அதன்மேல் கணிப்பொறித் திரை ஒளிர்கிறது. அடுத்த நோயாளி முதுகுப்புறமே நிற்கிறார். வெள்ளைப்பாட்டையும் மூலத்தையும் மனச்சோர்வையும் அங்கே எவர் வாய்திறந்து சொல்வார்? “தலைவலி” என்று சொல்லி மாத்திரை வாங்கித் திரும்புவோர் நம் இல்லங்களிலும் இலரா?

மாற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2012இல் வெளியான அமெரிக்கக் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வொன்றில், நின்று பேசிய மருத்துவரைவிட அமர்ந்து பேசியவர் தம்மோடு நெடுநேரம் இருந்ததாக நோயாளிகள் உணர்ந்தனர். உண்மையில் செலவான நேரமோ கூடவில்லை. ஒரு நாற்காலி செய்த வேலை அது! மேசைக்கு எதிரே அன்றிப் பக்கத்தில் ஓர் இருக்கை, வரிசையை மறைக்கும் ஒரு துணித்திரை, உடன்வந்தவர் சற்றே வெளியே நிற்கும் இங்கிதம் இவை போதும். சால்வையும் குழலும் மேசையும் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல. அவற்றைக் கடந்து நோயாளியின் சொல் மருத்துவரின் செவியை எட்டுகிறதா என்பதே கேள்வி.