நகட்: ஒரு சொல்லும் சில கைகளும்

'நகட்' என்றால் என் மாணவருக்குப் பொரித்த கோழித்துண்டு. 19ஆம் நூற்றாண்டின் அவுஸ்திரேலியச் சுரங்கத் தொழிலாளருக்கோ அது பொற்கட்டி.

1869 பெப்ரவரி 5ஆம் திகதி விக்டோரியாவின் மொலியாகுலில் ஜோன் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் மரவேரடியில் 70 கிலோவுக்கு மேற்பட்ட பொற்கட்டியொன்றைக் கண்டெடுத்தனர். நிறுக்கப் போதிய தராசு இருக்கவில்லை. பட்டடையில் வைத்து உடைத்தே நிறுத்தனர். பின்னர் உருக்கப்பட்ட அதற்கு 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற பெயரே எஞ்சியது.

நியூசிலாந்தில் சப்பாத்து மையும் நகட்தான். வணிகப் பெயர் பொதுப்பெயரானது.

கோழித்துண்டின் மூலவர், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொபர்ட் பேக்கர். அரைத்த இறைச்சி பொரிக்கையில் உதிராதிருக்கும் வழியைக் கண்டு, 1960களில் காப்புரிமை பெறாமலே வெளியிட்டார். இலாபம் பிறருக்கானது.

அகராதி பொருளைத் தரும். அப்பொருளுக்குப் பின்னாலுள்ள உழைப்பைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்பேன்.