டீசல் புகை

டீசல் எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் எரிந்து சக்தியைத் தந்த பின்னர்ப் புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுக்களும், அவற்றோடு மிதந்துவரும் நுண்ணிய கரித்துகள்களும் சேர்ந்த கலவையே டீசல் புகையாகும். இதில் பெரும்பகுதி, காற்றிலிருந்து மாறாமல் வந்த நைட்ரஜனும், எரியாது எஞ்சிய பிராணவாயுவும், கரியமில வாயுவும், நீராவியுமே. சுவாசிப்போருக்கு நேரே தீங்கிழைக்கும் பொருள்கள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் இப்புகையின் சரித்திரத்தில் பெரும்பாகம் அந்த ஒரு பங்கைப் பற்றியதே.

பாரிஸில் 1858இல் பிறந்த ஜெர்மானியப் பொறியியலறிஞர் ருடால்ஃப் டீசல், நீராவி எஞ்சின் தனக்கு இடப்படும் நிலக்கரியின் உஷ்ணத்தில் பெரும்பங்கை வீணாக்குவதைக் கண்டு, அதனினும் சிக்கனமான யந்திரம் ஒன்றைச் சமைக்க முற்பட்டார். 1897இல் அவுக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் பரிசோதித்தபோது, அவருடைய எஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து யந்திரங்களுள் இது அபூர்வமான சாதனை.

இச்சிக்கனத்துக்குக் காரணமான அமைப்பே புகைக்கும் காரணமாயிற்று என்பதுதான் இதில் விசேஷம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலக்கப்பட்டுத் தீப்பொறியால் பற்றவைக்கப்படுகின்றன. டீசல் எஞ்சினிலோ, காற்று மட்டும் பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அமுக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியிருக்கும் தறுவாயில் எண்ணெய் உள்ளே பீச்சப்பட, அது தானே பற்றிக்கொள்கிறது. பீச்சப்பட்ட தாரையின் நடுவில் காற்றுப் போதாமையால், திரியை அளவுக்கு மேல் தூண்டிய மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் படிவதுபோல், கரி உண்டாகிறது; தாரையின் விளிம்பில் காற்றும் கடும் உஷ்ணமும் ஒருங்கே இருப்பதால், சாதாரணமாக எதனோடும் சேராத நைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிறது. உஷ்ணத்தைக் கூட்டினால் கரி குறைந்து ஆக்ஸைடுகள் பெருகும். குறைத்தாலோ ஆக்ஸைடுகள் தணிந்து கரி மிகும். எஞ்சின் செய்வோரை இன்றுவரை விடாத தர்மசங்கடம் இதுவே.

தொடக்க காலத்தில் இவ்வெஞ்சின் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலுமே ஓடிற்று. 1927இல் பாஷ் நிறுவனம் எண்ணெய் பீச்சும் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியபின் லாரிகளில் பரவலாகவும், 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வாயிலாகக் கார்களிலும் இடம்பெற்றது. கரும்புகையும் துர்நாற்றமும் அசௌகரியங்களாக எண்ணப்பட்டனவேயன்றி அபாயங்களாகக் கருதப்படவில்லை. லண்டன் மாநகரில் 1952 ஜூலையில் கடைசி டிராம் வண்டிகள் விடைபெற, டீசல் பஸ்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அவ்வாண்டு டிசம்பரில் நகரைக் கவிந்த புகைப்பனி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. முதன்மைக் குற்றவாளி நிலக்கரியே. ஆதலால் 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும் அதையே குறிவைத்தது.

கண்ணுக்குப் புலனாகாத பகுதியின்மேல் கவனத்தைத் திருப்பியது லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். அங்கே கண்ணை எரிக்கும் மூட்டத்தை ஆராய்ந்த ஆரி ஹாகன்-ஸ்மித், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். பின்னர் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த 1970இல் அமெரிக்கச் சட்டமும், 1992இல் ஐரோப்பாவின் யூரோ 1 விதியும், அதே ஆண்டில் இந்தியாவின் முதல் டீசல் விதிகளும் வந்தன. வைத்திய உலகின் தீர்ப்புத் தாமதமாகவே வந்தது. லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இல் இப்புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாயிருக்கக்கூடியது என்றது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு வெளியானபின், 2012 ஜூனில், காரணமே என்று உறுதிகூறியது.

பெட்ரோல் காருக்குப் பொருந்திய மும்முனை வினையூக்கி, மிகுதியான பிராணவாயு உள்ள டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சிதைக்க வலுவற்றது. ஆகவே கரிக்கொரு மருந்தும் ஆக்ஸைடுக்கொரு மருந்தும் தனித்தனியே தேடப்பட்டன. முன்னதற்குப் பீங்கானாலான வடிகட்டி வந்தது. 2000ஆம் ஆண்டில் பியூஜோ 607 காரில் அது பொருத்தப்பட்டது. பின்னதற்கு, புகையில் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் விட்டு உஷ்ணத்தைத் தணிப்பதும், நம் லாரிக்காரர்கள் டெஃப் என்று வாங்கி ஊற்றும் 32.5 சதவிகித யூரியாக் கரைசலைப் புகையில் தெளிப்பதும் உபாயங்களாயின. இக்கருவிகளைக் கந்தகம் கெடுக்குமாதலால் எண்ணெயைச் சுத்திகரிப்பதும் அவசியமாயிற்று. டில்லியின் பஸ்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவிட்ட இந்தியாவில், 2020 ஏப்ரல் முதல், பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதிகளில் ஐந்தாம் நிலையைத் தாண்டி நேரே ஆறாம் நிலை அமலாயிற்று. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது.

ஆனால் சட்டம் அளந்தது பரிசோதனைக்கூடத்தில் சுழலும் உருளைகள்மீது ஓடிய வண்டியையே. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையில், அரவிந்த் திருவேங்கடம் உள்ளிட்டோர் அடங்கிய குழு, அளவுகருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்று வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு ஆக்ஸைடுகளை உமிழ்ந்தது. அதே ஆய்வில் வேறொரு நிறுவனத்தின் கார் பெரும்பாலும் வரம்புக்குள் நின்றதால், இயலாமை என்ற சாக்குக்கும் இடமில்லாமற்போயிற்று. சோதனையில் இருப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையை அடக்கும் நிரலை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஒளித்துவைத்திருந்த செய்தியை 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததென்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன்பின், சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் முறை ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதலும் இந்தியாவில் 2023 ஏப்ரல் முதலும் கட்டாயமாயிற்று.