பட்டியலில் எழுதியதும் பெட்டியில் வந்ததும்

அஞ்சல்வழி வியாபாரத்தில் வாடிக்கையாளர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. கடைக்காரரின் முகத்தையும் பார்க்க முடியாது. அவர் கையில் இருப்பதெல்லாம் கேட்டலாக் எனப்படும் பொருள் பட்டியலும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள நான்கைந்து வரிகளும்தான். அந்த வரிகளை எழுதித் தருவதையே பிழைப்பாகக் கொண்ட சுதந்திர எழுத்தாளர்கள் அமெரிக்காவில் உண்டு. இத்தொழிலைக் கற்க நினைப்பவர்கள் முதலில் அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஏனெனில், பொருளைத் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்களே இத்தொழிலுக்கு முதல் ஆசிரியர்கள்.

ஆரோன் மாண்ட்கோமெரி வார்ட் ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்றவர். கிராமத்துக் கடைகளில் விவசாயிகள் கொடுத்த விலையை நேரில் கண்டவர். நகரத்தில் மொத்தமாக வாங்கி அஞ்சலில் அனுப்பினால் விலையைக் குறைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 1871-ஆம் ஆண்டு சிகாகோ பெருந்தீயில் முதலில் வாங்கி வைத்த சரக்கு எரிந்து போனது. ஆனாலும் 1872-ல் 163 பொருள்களுடன் ஒரே தாளில் பட்டியலை வெளியிட்டார். விலை அவ்வளவு குறைவாக இருந்ததே அவருக்கு வினையானது. இது ஏமாற்று வேலை என்று 1873-ல் சிகாகோ டிரிபியூன் நாளிதழ் விவசாயிகளை எச்சரித்தது. பிறகு அதே நாளிதழ் தன் செய்தியை மறுத்து எழுதியது. பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற உறுதிமொழியை வார்ட் 1875-ல் கொண்டு வந்தார்.

அந்த ஓர் உறுதிமொழி எழுதுகிறவரின் வேலையையே மாற்றி விட்டது. கூட்டிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரு பெட்டியாகத் திரும்பி வரலாம் அல்லவா?

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் சீயர்ஸ். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ரயில் நிலையத்தின் அதிகாரி. உள்ளூர் நகை வியாபாரி ஒருவர் வாங்க மறுத்த கைக்கடிகாரங்களை, சரியாகச் சொன்னால் சட்டைப்பைக் கடிகாரங்களை, 1886-ல் மற்ற நிலைய அதிகாரிகளுக்கு விற்று லாபம் பார்த்தார். பின்னர் கடிகாரம் பழுது பார்க்கும் ஆல்வா ரோபக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். சீயர்ஸ் ரோபக் என்ற நிறுவனப் பெயர் 1893-ல் வந்தது. 1895-ல் அவர்களின் கேட்டலாக் 532 பக்கங்கள். அதில் பெரும் பகுதியைச் சீயர்ஸ் தாமே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் எழுத்தில் விவசாயியின் மனம் தெரிந்தது. பிழையாக எழுதி விடுவோமோ என்று அஞ்ச வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தபடி எழுதுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம் என்றெல்லாம் அவருடைய கேட்டலாக் தைரியம் சொன்னது. ஜெர்மன், சுவீடிஷ் மொழி பேசிய குடியேறிகள் நிறைந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள்! அளவெடுக்கத் தெரியாதவருக்கு அளவெடுக்கும் முறையும் விளக்கப்பட்டிருந்தது.

ஆனால் அதே பேனாவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஒரு சோபா, இரண்டு நாற்காலி, விலை 95 சென்ட் என்று 1889 வாக்கில் அவர் விளம்பரம் செய்ததாகச் சொல்வார்கள். பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தவை பொம்மை வீட்டுச் சாமான்கள். சிறியது என்று பொருள்படும் சொல் பொடி எழுத்தில் இருந்ததாம். சட்டப்படி குற்றமில்லை என்று வாதாடலாம். 95 சென்ட்டை எண்ணி அனுப்பிய குடும்பத்திடம் அந்த வாதம் எடுபடுமா? சகல நோய்க்கும் மருந்து, உடல் வலுவுக்கு மின்சார இடுப்புப் பட்டை என்று வந்த விளம்பரங்களும் இதே ரகம்தான். 1895-ல் பங்குதாரராகச் சேர்ந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் இந்தப் போக்குக்குக் கடிவாளம் போட்டார். சீயர்ஸ் 1908-ல் விலகினார். 1911-ல் நிறுவனம் பொருள்களைச் சோதிக்க ஒரு பரிசோதனைக் கூடமே அமைத்தது.

எழுத்தும் பொருளும் ஒத்துப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மெய்ன் மாநிலத்தின் லியோன் லியோன்வுட் பீன் முழுதாக அனுபவித்தார். அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல் என்று வேட்டைக்காரர்களுக்காக ஒரு காலணியைச் செய்தார். வெளிமாநிலத்தில் இருந்து வந்து வேட்டை உரிமம் எடுத்தவர்களின் முகவரிகளைத் திரட்டி, 1912-ல் துண்டறிக்கை அனுப்பினார். முதல் 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. தோலும் ரப்பரும் பிரிந்து விட்டன. பீன் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார், கடன் வாங்கிக் காலணியைச் சீர் செய்தார், மறுபடியும் விற்றார். அவர் எழுதிய கேட்டலாக்கில் வேட்டைக்காரர் இன்னொரு வேட்டைக்காரரிடம் பேசுவது போன்ற நடை இருக்கும். எடை என்ன, எதனால் செய்தது, எந்தக் குளிருக்குத் தாங்கும் என்பவையே விஷயம்.

பிற்காலத்தில் சிறு கேட்டலாக் நிறுவனங்கள் பெருகின. நிரந்தர எழுத்தாளரை வைத்துக் கொள்ள முடியாத அவை, பருவத்துக்குப் பருவம் வெளியாரிடம் வேலையைக் கொடுத்தன. கூலி சில இடங்களில் பொருளுக்கு இவ்வளவு, சில இடங்களில் பக்கத்துக்கு இவ்வளவு. இத்துறைக்குப் பாடநூல் எழுதியவர்களில் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் சுவையான மனிதர். 1963-ல் ‘பிளட் ஃபீஸ்ட்’ என்ற ரத்தக்களரிப் படத்தை இயக்கியவர்தான், பின்னாளில் கேட்டலாக் எழுத்துக்கு வழிகாட்டி நூல் எழுதினார்!

கற்பவர்களை அதிகம் மயக்குவது, 1987-ல் தொடங்கிய ஜே. பீட்டர்மன் கேட்டலாக். புகைப்படத்துக்குப் பதில் ஓவியம், ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு குட்டிக் கதை என்று அது பேர் வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனம் நொடித்து, பிறகு மீண்டும் தலையெடுத்தது. அந்த நடையைப் பார்த்து எழுதுவது சுலபம் போலத் தோன்றும். கழுத்தளவு, துணி, துவைக்கும் முறை ஆகியவற்றை ஐந்து வரிக்குள் குழப்பமின்றிச் சொல்வதே கடினமான வேலை. புதியவர் அதில்தான் கை பழக வேண்டும்.

சீயர்ஸின் தடித்த கேட்டலாக் 1993-ல் நின்றது. 2018-ல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அந்த நான்கைந்து வரிகள் இணையக் கடைகளுக்கு இடம் மாறியுள்ளன. பொருளைத் திருப்பி அனுப்பும்போது வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் காரணங்களின் வரிசையில், விளக்கத்தில் சொன்னபடி இல்லை என்பதும் அங்கே ஒன்றாக நிற்கிறது.