வாட்ஸ்அப்புக்கு 'ஹாய்' சொன்னா டிக்கெட் வருது... மெஷினோடு நாம பேசுறதை ஆராய தனித் துறையே இருக்கு தெரியுமா?

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்களில் இந்தக் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ரயில் லேட்டானால், "இதையேதான் அரை மணி நேரமா சொல்ற" என்று ஸ்பீக்கரைப் பார்த்து முணுமுணுப்பவர்களும் உண்டு. பதிவு செய்த குரல், பதில் வராது என்று தெரியும். ஆனாலும் பேசுகிறோம்.

இப்போது பதிலும் வருகிறது. 2023 முதல் சென்னை மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப் சாட்பாட்டிலேயே எடுக்கலாம். பூந்தமல்லி வழித்தடத்துக்காக வாங்கப்பட்ட ரயில்கள், ஓட்டுநர் இல்லாமலே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை.

இப்படி மனிதனும் மெஷினும் பேசிக்கொள்வதை ஆராய்வதுதான் 'மனித-இயந்திரத் தொடர்பியல்'.

கம்ப்யூட்டர் படிப்புதானே இது?

இல்லை. பட்டன் எங்கே இருந்தால் வசதி என்று பார்ப்பது கம்ப்யூட்டர்காரர்கள் வேலை. எதிரே இருப்பதை நாம் யாராக நினைத்துப் பேசுகிறோம் என்று கேட்பது இந்தத் துறை. போன், டிவி எல்லாம் ஒரு மனிதரின் பேச்சை இன்னொருவரிடம் சேர்க்கும் வழி மட்டுமே என்றுதான் தொடர்பியல் பாடம் ரொம்ப காலம் சொல்லி வந்தது. மெஷினே பேசும் என்பதற்கு அதில் இடமில்லை.

எப்போது ஆரம்பித்தது?

1966-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடல் புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அதோடு பேசிய அவரது செயலாளர், "கொஞ்சம் வெளியே இருங்க" என்று அவரையே அனுப்பிவிட்டாராம்! வைசன்பாம் பிற்பாடு இதற்காகக் கவலைப்பட்டார்.

1990-களில் ஸ்டான்ஃபோர்டின் கிளிஃபர்ட் நாஸ், பைரன் ரீவ்ஸ் இதைச் சோதனையாகவே செய்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி அதனிடமே கருத்து சொல்லும்போது பலர் நல்லதாகச் சொன்னார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் கேட்டால் குறையும் வந்தது. முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது என்ற நம்ம ஊர் மரியாதை மாதிரியேதான்.

2018-ல் ஆண்ட்ரியா குஸ்மான் தொகுத்த நூலும், 2020-ல் தொடங்கிய ஆய்விதழும் இதற்குத் தனித் துறை என்ற அடையாளத்தைக் கொடுத்தன.

நமக்கு இதில் என்ன?

முதலில் மொழி. சாட்பாட்டில் டைப் செய்யத் தெரியாத, பேச மட்டும் தெரிந்த ஒருவருக்கு மெஷின் நம்ம பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடல்களை உருவாக்கி இலவசமாக வெளியிடுகிறது.

அடுத்தது, பேசுவது யார் என்பது. லோன் வேண்டுமா என்று போனில் கேட்கும் குரல் மனிதருடையதா, மெஷினா? ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த ஏஐ சட்டத்தில், எதிரில் இருப்பது மெஷின் என்பதைப் பயனருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்ற விதியே இருக்கிறது.